வெல்டுக்குள் மீயொலி: எந்தக் கணக்கு முறை, எவ்வளவு மெஷ்?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்பத்தூரில் வெல்டு பரிசோதனை வேலை பார்த்துக்கொண்டே எம்.இ. படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 25 மி.மீ. தடிமன் எஃகுத் தகடு, நடுவில் வி-வெல்டு, 4 மெகாஹெர்ட்ஸ் 60 டிகிரி ப்ரோப் (மீயொலியைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதை வாங்கும் தலை). அடியில் இருக்கும் ரூட் கிராக்கிலிருந்து (வெல்டின் அடிவேரில் விழும் விரிசல்) வரும் எக்கோவைக் கணினியில் கணக்கிட்டு, கருவியில் பார்க்கும் ஏ-ஸ்கேனோடு (எக்கோவின் உயரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்த கோடு) ஒப்பிட வேண்டும். ஃபைனைட் எலிமென்ட், ஃபைனைட் டிஃபரன்ஸ் (இரண்டும் பொருளைச் சின்னக் கட்டங்களாக, அதாவது மெஷாக, பிரித்துக் கணக்கிடுபவை), ரே டிரேசிங் (அலையைக் கதிராகப் பின்தொடர்வது) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது, லேப்டாப் தாங்குமா, வருகிற விடையை எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி.

முறையின் பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். ப்ரோபிலிருந்து குறை வரைக்கும் போய்த் திரும்பும் தூரத்தில் எத்தனை அலைநீளம் அடங்கும்? எஃகில் குறுக்கலையின் (நாம் ஷியர் என்று சொல்வதுதான்) வேகம் நொடிக்குச் சுமார் 3230 மீட்டர். 4 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 0.81 மி.மீ. 60 டிகிரியில் இறங்கும் கதிர் 25 மி.மீ. தகட்டின் அடியைத் தொட 50 மி.மீ. போக வேண்டும்; திரும்பி வரவும் சேர்த்தால் 100 மி.மீ. ஏறக்குறைய 124 அலைநீளம். முழு ஸ்கிப்பில் (அடியில் பட்டு மேலே ஏறும் பாதை) மேல்பக்கத்து டோ கிராக்கை (வெல்டின் ஓர விரிசல்) பார்க்கிறீர்கள் என்றால் கிட்டத்தட்ட 250.

இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம். பத்து இருபது அலைநீளம் என்றால் எந்த முறையில் போட்டாலும் விடை வரும். நூற்றுக்கணக்கில் போகும்போது, மெஷ் போட்டுச் செய்கிற முறைகளில் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை சேர்ந்து, எக்கோ இடம் மாறி உட்கார்ந்துவிடும். பெரம்பூரில் பெட்டிக்கு அடியில் பூட்டுகிற ரயில் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். ஒரு முனையில் 2.5 மெகாஹெர்ட்ஸ் நேர் ப்ரோபை வைத்து மறுமுனை வரை பார்த்தால், நெட்டலையின் (போகும் திசையிலேயே துகள்கள் முன்பின் அசையும் அலை) அலைநீளம் 2.4 மி.மீ. அளவில் இருக்க, போய்வரும் தூரம் 1600 அலைநீளத்தைத் தாண்டும். அதை முழுக்க மெஷ் போட்டு முப்பரிமாணத்தில் ஓட்டுவேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் கணக்கு நடுவில் இருக்கிறது. அதனால்தான் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது; எல்லாரும் ஓரளவு சரிதான்.

மெஷ் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று முதலில் பார்ப்போம். ப்ரோபுக்கும் குறைக்கும் இடையில் இருப்பது ஒரே சீரான கார்பன் ஸ்டீல். அங்கே அலை என்ன செய்யும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கான கட்டங்கள் தேவையில்லை. ப்ரோபின் முகத்தைச் சின்னச் சின்னப் புள்ளி மூலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் வரும் அலையைக் கூட்டினால் பீம் கிடைத்துவிடும். ராலே தொகையீடு என்பது இதுதான். இடையில் பெர்ஸ்பெக்ஸ் வெட்ஜ் (ப்ரோபைச் சாய்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆப்பு) இருப்பதால் ஒவ்வொரு மூலத்துக்கும் ஸ்னெல் விதிப்படி எல்லையைக் கடக்கும் புள்ளியைத் தேட வேண்டும், அவ்வளவுதான். இன்னும் வேகம் வேண்டுமென்றால் பீமைச் சில காஸியன் கற்றைகளின் கூட்டாக எழுதலாம். வட்டமான ப்ரோபுக்குப் பத்தே கற்றைகள் போதும் என்று வென், பிரேஸீல் இருவரும் 1988-இல் காட்டினார்கள். ப்ரோபுக்கு மிக அருகே அது கொஞ்சம் சறுக்கும். மற்றபடி இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். பிரான்ஸின் அணுசக்தி ஆணையத்தில் உருவான சிவா என்ற மென்பொருள் சில விநாடிகளில் விடை தருகிறதே, அதற்குள் ஓடுவதும் முக்கியமாக இந்த வகைக் கதிர்க் கணக்குதான்.

பீம் குறையில் போய் மோதிய பிறகு என்ன ஆகும் என்பதற்கும் குறுக்கு வழிகள் உண்டு. கிர்காஃப் தோராயம், கிராக்கின் முகத்தை முடிவில்லாத தட்டையான பரப்பு என்று எண்ணிக்கொள்கிறது. கண்ணாடிபோல் நேரே திரும்பி வரும் எக்கோவுக்கு அது நன்றாகப் பொருந்தும். கிராக்கின் நுனியிலிருந்து கிளம்பும் விளிம்பு விலகலுக்கு, அதாவது டி.ஓ.எஃப்.டி.யில் (நுனி எக்கோ வரும் நேரத்தை வைத்துக் கிராக்கை அளக்கும் முறை) நாம் அளக்கும் அந்த மெல்லிய சிக்னலுக்கு, அது நம்பகமில்லை. வடிவியல் விலகல் கோட்பாடு அங்கே சரியாக வரும். ஆனால் நேர்ப் பிரதிபலிப்பின் திசையில் அதன் விடை முடிவிலியாக வெடித்துவிடும். குறையின் அளவே ஓர் அலைநீளம், ஒன்றரை அலைநீளம் என்றால் இரண்டையுமே நம்ப வேண்டாம்.

உங்கள் ரூட் கிராக்கில்தான் சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தகட்டின் அடியும் செங்குத்தான கிராக்கும் சேர்ந்து ஒரு மூலை. 45 டிகிரி ப்ரோபில் குறுக்கலை அடிப்பரப்பில் 45 டிகிரியிலும் கிராக்கின் முகத்தில் 45 டிகிரியிலும் விழும். எஃகில் குறுக்கலை நெட்டலையாக மாறாமல் முழுசாகத் திரும்ப வேண்டுமென்றால் விழும் கோணம் 33.2 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் (3230-ஐ 5900-ஆல் வகுத்து வரும் சைன் மதிப்பு அது). 45 டிகிரி இரண்டு இடத்திலும் தாண்டிவிடுகிறது, எக்கோ கொட்டுகிறது. 60 டிகிரி ப்ரோபில் அடிப்பரப்பில் 60, கிராக்கின் முகத்தில் 30. முப்பது என்பது 33.2-க்குக் கீழே. அங்கே ஆற்றலில் பெரும் பங்கு நெட்டலையாக மாறி, 66 டிகிரியில் வேறு பக்கம் போய்விடும், ப்ரோபுக்குத் திரும்பாது. செங்குத்து ரூட் கிராக்குக்கு 60 டிகிரியை நம்பாதே, 45-ஐயோ 70-ஐயோ வை என்று லெவல்-2 பரிசோதகர் வகுப்பில் சொல்வதன் காரணம் இதுதான். (70-இல் முகத்தில் விழுவது 20 டிகிரி; அங்கேயும் இழப்பு உண்டு, ஆனால் 60 அளவுக்கு இல்லை.)

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எஃகை ஒரு திரவம் மாதிரி நினைத்து, அழுத்த அலையை மட்டும் கணக்கிடும் புரோகிராமில் இதே கணக்கைப் போட்டால், 45, 60, 70 எல்லாவற்றுக்கும் மூலை எக்கோ ஒரே மாதிரி பிரமாதமாக வரும். படம் பார்க்க அழகாக இருக்கும். விடை தப்பு. மருத்துவ அல்ட்ராசவுண்டுக்காக எழுதிய மென்பொருள்களில் பல இந்த வகை. தசையும் கொழுப்பும் கிட்டத்தட்ட திரவம்தான், அங்கே அது நியாயம். கே-வேவ் என்ற மென்பொருள் அப்படித்தான் தொடங்கியது. அதில் திடப்பொருளுக்கான தனிப் பகுதியும் பிறகு வந்தது. எஃகு என்றால் அந்தப் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்று முதல் எடுத்துக்காட்டை அப்படியே காப்பியடித்து, வேகத்தை மட்டும் 5900 என்று மாற்றி, வெல்டு என்று பெயர் வைத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் ஊரில் நிறைய உலவுகின்றன.

ஆக, 60 டிகிரியில் உங்கள் எக்கோ பலவீனமாக வந்தால் மாடலைக் குறை சொல்லாதீர்கள். நுனி விலகலும், மாறிப்போன நெட்டலையும், கிராக்கின் முகத்தில் தவழும் மேற்பரப்பு அலையும் சேர்ந்துதான் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த இடத்தில் கதிர்க் கணக்கு தடுமாறும். அங்கேதான் மெஷ் வேண்டும்.

சரி, மெஷ். ஃபைனைட் டிஃபரன்ஸில் இடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, துகள் வேகங்களைக் கட்டத்தின் விளிம்புகளிலும் ஸ்ட்ரெஸ்ஸைக் கட்டத்தின் நடுவிலும் மூலையிலும் மாற்றி மாற்றி வைப்போம். பக்கத்து வேகங்களின் வித்தியாசத்திலிருந்து புது ஸ்ட்ரெஸ், பக்கத்து ஸ்ட்ரெஸ்களின் வித்தியாசத்திலிருந்து புது வேகம். தவளைப் பாய்ச்சலாகக் காலம் நகரும். மின்காந்த அலைகளுக்கு யீ 1966-இல் போட்ட திட்டத்தை, 1980-களில் விரியூ நிலநடுக்க அலைகளுக்குக் கொண்டுவந்தார். நம்முடைய துறை பெரும்பாலும் நிலநடுக்கக்காரர்களிடம் கடன் வாங்கியது; அவர்கள் கிலோமீட்டரில் போட்டதை நாம் மில்லிமீட்டரில் போடுகிறோம். புரோகிராம் எழுத இதுதான் எளிது, மெயின் லூப் முப்பது நாற்பது வரிக்குள் முடிந்துவிடும்.

இதில் ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கட்டம் போதும் என்ற விதியை எல்லாரும் சொல்வார்கள். அந்த விதி எங்கே உடைகிறது என்று உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். கட்டத்தில் ஓடும் அலை, உண்மையான அலையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும். இரண்டாம் வரிசைத் திட்டத்தில் (ஒட்டிய பக்கத்துப் புள்ளிகளை மட்டும் பார்ப்பது), வழக்கமான காலப்படியோடு, அலைநீளத்துக்குப் பத்துக் கட்டம் வைத்தால் கட்ட அச்சின் திசையில் குறுக்கலையின் முகடு சுமார் 1.4 சதவீதம் பின்தங்கும். இது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நாம் ஏ-ஸ்கேனில் பார்ப்பது பல்ஸின் வருகை. பல்ஸ் நகர்வது கூட்டு வேகத்தில், அதாவது அலைக் கூட்டம் மொத்தமாக நகரும் வேகத்தில். அந்த வேகத்தின் பிழை இதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 4 சதவீதத்துக்கு மேல். முழு ஸ்கிப்பில் 100 மி.மீ. ஒருவழிப் பாதைக்கு 4 மி.மீ. தப்பு! அச்சுக்குச் சாய்வாக, உங்கள் 60 டிகிரி மாதிரிப் போகும்போது பிழை ஏறக்குறைய பாதியாகக் குறையும்; அப்போதும் 2 மி.மீ.க்கு மேல். கிராக்கின் உயரமே 2 மி.மீ. இருக்கும் இடத்தில் இது எங்கே போய் நிற்கும்? பல்ஸின் வடிவமும் நீண்டு, பின்னால் ஒரு வால் முளைக்கும். அந்த வாலைப் பார்த்து இன்னொரு குறை இருக்கிறது என்று விளக்கம் எழுதினால் வேடிக்கையாகிவிடும்.

கட்டத்தைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒரு பங்காகும். அலைநீளத்துக்கு இருபது வைத்தால் அச்சுத் திசையில் 100 மி.மீ.க்கு 1 மி.மீ. அளவில் வந்து நிற்கும். நான்காம் வரிசைத் திட்டத்துக்கு (இன்னும் தள்ளியிருக்கும் புள்ளிகளையும் பார்ப்பது) போனால் பத்துக் கட்டத்திலேயே இதைவிட நல்ல விடை கிடைக்கும். இன்னொன்று, எந்த அலைநீளம் என்பதையும் கவனியுங்கள். 4 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபின் பல்ஸ் குட்டையானது. அதில் 5, 6 மெகாஹெர்ட்ஸ் வரை ஆற்றல் இருக்கும். மெஷை முடிவு செய்வது அந்த உயர்ந்த அதிர்வெண்ணின் குறுக்கலை. கூடவே, இருப்பதிலேயே மெதுவான பொருள். பெர்ஸ்பெக்ஸில் நெட்டலையே 2730 மீட்டர்தான். அதில் குறுக்கலை அதில் பாதி. வெட்ஜுக்குள் அந்த அலை எல்லாக் கட்டத்தையும் சோதிக்கும்.

இப்போது லேப்டாப் கேள்வி. வெட்ஜையும் சேர்த்து நீளம் 120 மி.மீ., உயரம் 45 மி.மீ. என்று வைத்து, 0.04 மி.மீ. கட்டம் போட்டால் இருபரிமாணத்தில் 34 லட்சம் கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண், நாலு பைட் வீதம் சுமார் 70 எம்.பி. காலப்படியைக் கூரன்ட் நிபந்தனை தீர்மானிக்கும். கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல், கணினியே இல்லாத காலத்தில் எழுதிய அதே நிபந்தனைதான்: ஒரு படியில் இருப்பதிலேயே வேகமான அலை கட்டத்தைத் தாண்டி ஓடக்கூடாது. அது எஃகின் நெட்டலை, 5900 மீட்டர். காலப்படி 4.8 நானோ விநாடி வரும். 75 மைக்ரோ விநாடி ஓட்டுவதற்குப் பதினைந்தாயிரம் சொச்சம் படிகள். ஒரு சாதாரண லேப்டாப் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடும்; கேமிங் கார்டு இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அதையே 40 மி.மீ. அகலத்துக்கு முப்பரிமாணத்தில் போடுங்கள். கட்டங்கள் 340 கோடி, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது எண். நினைவகம் மட்டும் 120 ஜி.பி. லேப்டாப்புக்கு இங்கே டாட்டா. அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் நினைவகம் எட்டு மடங்கு, வேலை பதினாறு மடங்கு.

இருபரிமாணம் என்றால் என்னவெல்லாம் இழக்கிறோம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ப்ரோப் திரைக்குக் குறுக்கே முடிவில்லாமல் நீளும் பட்டை, கிராக்கும் அப்படியே. அலை பரவும்போது உயரம் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகக் குறையும். உண்மையில் தூரத்துக்கே எதிராகக் குறைய வேண்டும். அதனால் இருபரிமாணத்தில் வரைந்த டி.ஏ.சி. கோடு (தூரம் கூடக் கூட எக்கோ குறைவதைக் காட்டுவது) கருவியில் வரைந்ததைவிடப் படுத்தே இருக்கும். ஒப்பீட்டுக்காகக் குடையும் துளைகளில், பக்கவாட்டுத் துளை இந்த உலகத்தில் இயல்பாகப் பொருந்தும். தட்டை அடித் துளைக்கு இடமே இல்லை. வந்து சேரும் நேரம், அலை வகை மாற்றம், எந்த எக்கோ எதிலிருந்து வருகிறது என்பதெல்லாம் நம்பலாம். டெசிபல் கணக்கை, அதே தூரத்தில் இருக்கும் ஒரு பக்கவாட்டுத் துளையோடு ஒப்பிட்டு மட்டும் சொல்லுங்கள்.

சதுரக் கட்டத்தின் இன்னொரு குறை, சாய்வான பரப்பு எல்லாம் மாடிப்படி ஆகிவிடும். செங்குத்துக் கிராக்குக்குப் பிரச்சினையில்லை. வி-வெல்டின் பக்கச் சுவரில் ஒட்டாமல் போன லேக் ஆஃப் ஃபியூஷன் 30 டிகிரி சாய்ந்திருக்கும். ஒவ்வொரு படியும் தன் பங்குக்கு ஒரு குட்டி எக்கோவைக் கிளப்பும். வெட்ஜும் சாய்வுதான். அதற்கு ஒரு சுலப வழி, வெட்ஜை மாடலிலிருந்து தூக்கிவிட்டு, எஃகின் மேற்பரப்பில் ப்ரோப் கால் வைக்கும் நீளத்துக்கு, இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்திய விசையைக் கொடுப்பது. தாமதம் ஸ்னெல் விதியிலிருந்து வரும். வெட்ஜுக்குள் சுற்றும் இரைச்சல் கிடைக்காது, எம்.இ. ப்ராஜெக்டுக்கு அது தேவையும் இல்லை.

ஃபைனைட் எலிமென்டின் பலம் இந்தச் சாய்வுகளில்தான். முக்கோண எலிமென்ட் எந்தக் கோணத்துக்கும் மடங்கும். ஆனால் ஸ்ட்ரக்சுரல் வகுப்பில் படித்த பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அலைக்கு எக்ஸ்ப்ளிசிட் முறைதான் சரி, அதாவது இப்போதைய மதிப்புகளிலிருந்தே அடுத்த படியை நேராகக் கணக்கிடுவது. ஒவ்வொரு நோடிலும் நிறையைக் குவித்து வைத்துவிட்டால் மேட்ரிக்ஸைத் தீர்க்கும் வேலையே இல்லை. அபாகஸ் எக்ஸ்ப்ளிசிட், இம்பீரியல் கல்லூரியில் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே எழுதிய போகோ எல்லாம் இப்படித்தான். இம்ப்ளிசிட்டில் (ஒவ்வொரு படியிலும் எல்லா நோடையும் சேர்த்துத் தீர்ப்பது) காலப்படியைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். அலையின் வடிவம் கெடாமல் இருக்க ஒரு சுழற்சிக்கு இருபது படியாவது வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் அவ்வளவு பெரிய மேட்ரிக்ஸைத் தீர்ப்பதில் என்ன லாபம்?

ஆட்டோமேட்டிக் மெஷிங் பட்டனை அமுக்கி வருகிற மெஷிலும் ஒரு வம்பு உண்டு. எலிமென்ட் அளவு இடத்துக்கு இடம் மாறினால் அலையின் வேகமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். சீரான எஃகிலேயே பொய்ச் சிதறல் கிளம்பும். முடிந்தவரை ஒரே அளவு மெஷ் வையுங்கள். கிராக்கைச் சுற்றி மட்டும் மடக்குங்கள். கிராக் நுனியில் ஒரே ஒரு ஊசி மாதிரி முக்கோணம் விழுந்தால்கூடப் போதும், முழு மாடலின் காலப்படியும் அதன் அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டியது இரவு முழுக்க ஓடினால் முதலில் அதைத் தேடுங்கள். தேய்மானத்துக்காக விறைப்போடு சேர்ந்த ராலே டேம்பிங்கை (அலையை மெல்ல அடக்கும் ஏற்பாடு) கொடுத்தாலும் இதே கதைதான், காலப்படி சரிந்து விழும். 25 மி.மீ. கார்பன் ஸ்டீலில் தேய்மானம் அவ்வளவு இல்லை, விட்டுவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான அலைநீளம் ஓட வேண்டும், மெஷும் வேண்டும் என்றால் ஸ்பெக்ட்ரல் எலிமென்ட் நல்ல தேர்வு. உயர்வரிசைப் பல்லுறுப்புக் கோவைகள் என்பதால் அலைநீளத்துக்கு ஐந்தாறு புள்ளியிலேயே பிழை கட்டுக்குள் நிற்கும். இதுவும் நிலநடுக்கத்திலிருந்து வந்ததுதான், ஸ்பெக்ஃபெம்-2டி என்ற மென்பொருள் இலவசம். குழாய்களில் நீண்ட தூரம் ஓடும் வழியலைகளுக்கு வேறு கதை, அங்கே குறுக்குவெட்டை மட்டும் மெஷ் போட்டால் போதும். உங்கள் கேள்வியில் அது இல்லை.

ஓரங்களை மறக்காதீர்கள். 120 மி.மீ.யில் மாடலை வெட்டினால் அந்த வெட்டு முகம் ஒரு சுவர். அதில் பட்டுத் திரும்பும் அலை, உங்கள் எக்கோ வரும் நேரத்திலேயே வந்து கலக்கும். பெரெஞ்சே 1994-இல் மின்காந்த அலைக்குக் கொண்டுவந்த பி.எம்.எல். அடுக்கு ஃபைனைட் டிஃபரன்ஸில் அருமையாக விழுங்கும். அபாகஸ் மாதிரி ஆயத்த மென்பொருளில், ஓரத்தில் இரண்டு மூன்று அலைநீள அகலத்துக்கு டேம்பிங்கைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவது சுலபம். இங்கே நிறையோடு சேர்ந்த டேம்பிங் மட்டும் போடுங்கள், காலப்படி தப்பிக்கும். திடீரென ஏற்றினால் அந்த டேம்பிங்கே சுவராகிவிடும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது கலப்பு வழி. ப்ரோபிலிருந்து கிராக்குக்கு அருகே வரை பீமை ராலே தொகையீட்டில் கணக்கிடுங்கள். கிராக்கைச் சுற்றி 10 மி.மீ.க்கு 10 மி.மீ. பெட்டி, அதற்குள் மட்டும் மெஷ்; பெட்டியின் எல்லையில் பீமை உள்ளே அனுப்புங்கள். சிதறி வரும் அலையைப் பெட்டியைச் சுற்றிப் பதிவுசெய்து, திரும்பவும் தொகையீட்டின் வழியே ப்ரோபுக்குக் கொண்டுபோங்கள். மெஷுக்குள் அலை ஓடுவது முப்பது அலைநீளத்துக்குள் அடங்கிவிடும். பத்துக் கட்ட விதிகூட அங்கே செல்லும். எழுதுவதற்கு வேலை கூடுதல்தான். முழு மாடலை ஒருதடவை இருபரிமாணத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு இதற்கு வாருங்கள். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

கல்பாக்கத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், எங்கள் வெல்டுக்கு இது செல்லாதே என்பார்கள். உண்மைதான். அங்கே அதிவேக ஈனுலையின் முக்கியக் கலன் 316எல்என் ஆஸ்டெனிடிக் ஸ்டீல். அந்த வெல்டில் படிகங்கள் நீளநீளமாக, திசைக்கொரு வேகத்தோடு வளர்ந்திருக்கும். பீம் நேரே போகாமல் வளையும், குறுக்கலை வழியிலேயே சிதறிவிடும். அதனால்தான் அங்கே 2 மெகாஹெர்ட்ஸ் நெட்டலையை விரும்புகிறார்கள். சீரான பொருளுக்கான தொகையீடு அங்கே உதவாது. வெல்டு முழுக்க மெஷ் போட்டு, படிகத் திசைகளை ஒவ்வோர் எலிமென்டுக்கும் கொடுத்தாக வேண்டும். அந்த மாதிரிப் பொருளில் பி.எம்.எல். சில நேரம் அலையை விழுங்காமல் ஊதிப் பெருக்கிவிடும். எண்கள் திடீரென்று முடிவிலிக்குப் போனால் அதையும் சந்தேகியுங்கள். உங்களுடையது கார்பன் ஸ்டீல். ஒரே சீராக எடுத்துக்கொள்ளலாம்.

விடையை எப்படி நம்புவது என்பது கடைசிக் கேள்வி. கருவியோடு ஒப்பிடும் முன்பே, ஏற்கெனவே விடை தெரிந்த கணக்குகளை ஓட்டுங்கள். தண்ணீரில் 10 மி.மீ. விட்டமுள்ள 5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபின் மைய அச்சில் அழுத்தத்துக்குக் கையால் எழுதக்கூடிய சூத்திரம் இருக்கிறது; கடைசி உச்சம் 84 மி.மீ. அளவில் விழ வேண்டும். எஃகின் மேற்பரப்பில் ஓர் இடத்தில் தட்டினால் ஓடும் ராலே அலை, குறுக்கலையின் வேகத்தில் 0.92 மடங்கில், நொடிக்கு 3000 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். பரப்பின் எல்லை நிபந்தனை சரியா என்று இது உடனே காட்டிக்கொடுக்கும். அனுப்பும் புள்ளியையும் வாங்கும் புள்ளியையும், விசையின் திசையையும் அளக்கும் திசையையும் சேர்த்து, இடம் மாற்றி ஓட்டுங்கள். இரண்டு சிக்னலும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டும்போது எக்கோ நகர்ந்தால் முதல் விடையை ரிப்போர்ட்டில் போடாதீர்கள்.

அலையை நேராகக் கண்ணால் பார்த்து ஒப்பிடுகிற வழியும் உண்டு. மீயொலி கடந்துபோகும் திரவத்தில் ஒளி எப்படி விலகும் என்று 1935, 36-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ராமனும் நாகேந்திர நாத்தும். நம் மெரினாவுக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவர்தான் ராமன். கண்ணாடித் துண்டுக்குள் பல்ஸ் போவதைப் படமெடுக்கும் ஏற்பாடு ஏதாவது ஆய்வகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். கிண்டியிலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸில் சிதைவிலாச் சோதனைக்கென்று தனி மையம் இருக்கிறது; உங்கள் கைடு மூலமாகக் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் கருவி. முதலில் வி2 பிளாக்கின் (கருவியைச் சரிபார்க்கும் சிறு எஃகுக் கட்டை) 25, 50 மி.மீ. வளைவுகளை மாடலிலும் கருவியிலும் எடுத்து நேரத்தைப் பொருத்துங்கள். அடுத்து 3 மி.மீ. பக்கவாட்டுத் துளை. அப்புறம்தான் கிராக். ப்ரோபின் கோணத்தை அதன் மேல் அச்சடித்திருப்பதை நம்பி எழுதாமல் அளந்து எழுதுங்கள். பெர்ஸ்பெக்ஸில் ஒலியின் வேகம் சூடு ஏற ஏற, எஃகில் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும். வெட்ஜில் வேகம் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் 70 டிகிரி ப்ரோப் 71.7 டிகிரி ஆகிவிடும். ஏ.சி. அறையில் கேலிபரேட் செய்துவிட்டு, மே மாத மதியம் மணலியில் ஒரு டேங்க் சுவரில் வைத்து எடுத்த ஏ-ஸ்கேன் உங்கள் மாடலோடு பொருந்தவில்லை என்றால், மெஷைக் கிண்டுவதற்கு முன் தகட்டின் வெப்பநிலையைக் கேளுங்கள். மாடலில் 2730 என்று போட்டிருக்கும் எண்ணை மாற்றி ஒரு தடவை ஓட்டினாலே தெரிந்துவிடும்.